சங்கிலியம்மாளும் கோத்தமாலை தேசமும்

மலைக்கு வேலைக்குப் போகிற பெண்களில் சங்கிலியம்மாளைப் போலத் தூங்குகிறவள் யாரும் கிடையாது. விடியுமுன்னே பண்ணைப்புரத்தில் ஜீப் ஏறி, பின்பக்கக் கம்பியில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு தலையைச் சாய்த்தாளென்றால், கோம்பையும் உத்தமபாளையமும் கம்பமும் அவளுக்கு வெறும் ஹாரன் சத்தங்களாகத்தான் கடந்துபோகும். கம்பம்மெட்டு வளைவுகளில் ஜீப் ஒருபக்கம் சாயும்போது மற்ற பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி சரிந்து கத்துவார்கள். அவள் அசையமாட்டாள். மூடிய கண்களுக்குள் வேறொரு ஊரில் நடந்துகொண்டிருப்பாள்.

கண்ட கனவையெல்லாம் தோட்டத்தில் காய் எடுக்கும்போது சொல்லுவாள். ஏலச்செடிக்கு நடுவே குத்தவைத்து, தூரில் படர்ந்திருக்கும் சரத்தைத் தூக்கி, விளைந்த காயை மட்டும் விரலால் திருகி எடுத்துக்கொண்டே பேசுவாள். ஒருநாள் சுருளி அருவி கீழிருந்து மேலே போனதாம். இன்னொரு நாள் கம்பத்துச் சந்தைக்கு மேகங்கள் நடந்து வந்து கத்தரிக்காய் வாங்கினவாம். மேலே பெருமரங்களின் நிழல், கீழே ஈரமண், காலில் அட்டை, சுற்றிலும் மூக்கைவிட்டுப் போகாத ஏலக்காய் வாசம். அந்த இருட்டுப் பச்சைக்குள் அவள் குரல் வருகிற இடம் தெரியாது. சிரிப்புமட்டும் வரிசை வரிசையாகச் செடிகளுக்குள் பரவும். கங்காணி அதட்டினால் கொஞ்சநேரம் அடங்கும்.

அவள் புருசன் கருத்தக்கண்ணன் தேங்காய் வெட்டுகிறவர். அதிகம் பேசாத மனுசன். பள்ளத்தாக்கு முழுக்கத் தென்னந்தோப்புகள் இருந்ததால் அவருக்கு வேலை ஓய்ந்ததில்லை. ஆனால் பாமாயில் கப்பல் கப்பலாக வந்து இறங்கத் தொடங்கியதும் தேங்காய் விலை படுத்துவிட்டது. வெட்டுக்கூலிக்குக்கூடக் கட்டாதென்று தோப்புக்காரர்கள் காயை மரத்திலேயே விட்டார்கள். அது நெற்றாகித் தானாக விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கருத்தக்கண்ணன் வாசலில் உட்கார்ந்திருப்பார். பாமாயில் எந்த ஊரில் காய்க்கிறதென்று மனைவியிடம் ஒருமுறை கேட்டார். மலேசியா என்று அவள் சொன்னாள். தன் பெரியப்பன் ஒருவர் அங்கே போய்த் திரும்பவேயில்லை என்று மட்டும் அவர் சொன்னார்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருசத்து மழைக்காலத்தில் அவள் வேலைக்கும் ஆபத்து வந்தது. வாரம் முழுக்க இருந்த வேலை பாதியானது. ஏற்றிப்போக வந்த ஜீப்புகள் குறைந்தன. வயதானவர்களை வரவேண்டாம் என்றார்கள். எஸ்டேட் மேனேஜர் நல்ல மனிதர், மலையாளி. பெண்கள் சுற்றி நின்று கேட்டதும் இரண்டு கையையும் விரித்தார். எந்து செய்யான் சேச்சி, ஏலக்காய் விலை பாதியாகிவிட்டது, வெளிநாட்டுக் காய் வந்து குவிகிறது என்றார். எந்த நாடு என்று சங்கிலியம்மாள் கேட்டாள். குவாத்தமாலா என்றார்.

அவள் காதில் அது கோத்தமாலை என்று விழுந்தது. அன்றைக்குத் தோட்டம் முழுக்க அந்தப் பெயர்தான். கோத்தமாலையாம், மாலை கோக்கிற ஊராம், அவர்களுக்கு எதற்கு நம் பிழைப்பு என்று ஆளாளுக்கு வைதார்கள். சங்கிலியம்மாளும் வைதாள். ஆனால் திரும்புகிற ஜீப்பில் கண்ணை மூடியபோது அந்தத் தேசம் அவளுக்குள் விரிந்துவிட்டது. அங்கே மலைகள் மாலைபோல ஒன்றோடொன்று கோத்துக் கிடந்தன. ஏலச்செடிகள் தென்னை உயரத்துக்கு நின்றன. குனியாமல், நின்றபடியே காய் பறித்துக்கொண்டிருந்த ஒரு கொழுத்த பெண் இவளைப் பார்த்துச் சிரித்தாள். சங்கிலியம்மாள் ஆத்திரத்தோடு விழித்துக்கொண்டாள். அதன்பிறகு அந்தப் பெண் அடிக்கடி வந்தாள்.

கார்த்திகை மாதத்தில் ஒரு காலை. கம்பம்மெட்டு செக்போஸ்ட்டில் எஸ்டேட் ஆட்கள் நின்றுகொண்டு, பாதி ஜீப்புகளை மேலே விட்டார்கள், பாதியைத் திருப்பினார்கள். இவர்கள் ஜீப்பை ஓட்டிவந்த அஸ்லம் உத்தமபாளையத்துக்காரன்; ஏழெட்டு வருசமாக இவர்களை ஏற்றி இறக்குகிறவன். இறங்கிப்போய்ப் பேசிவிட்டு வந்து, சங்கிலியம்மாளைத் தோளில் தட்டி எழுப்பினான்.

“எக்கா, நம்மளத் திரும்பச் சொல்றாக. இனிமே கூப்பிடும்போது வந்தாப் போதுமாம்.”

பனி மூடியிருந்தது. அவள் அரைத்தூக்கத்தோடு இறங்கினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்து, தமிழ்நாட்டுத் தார் முடிந்து கேரளத்துத் தார் ஆரம்பிக்கிற இடத்தில், நடுரோட்டில், காய் எடுக்க உட்காருவதுபோலவே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். யோசித்துச் செய்ததாக அவள் பிறகும் சொன்னதில்லை. கால்கள் வழக்கமாக மடங்குகிற நேரம் அது, மடங்கிவிட்டன என்பாள். பின்னாலேயே அவள் ஜீப்புப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். மேலே விடப்பட்டவர்களும் தூக்குவாளியோடு இறங்கிவந்து உட்கார்ந்தார்கள். பனிக்குள் லாரிகளும் பஸ்களும் மஞ்சள் விளக்குகளாக வரிசைகட்டி நின்றன.

இரண்டு மாநிலத்துப் போலீசும் வந்தார்கள். கோட்டின் மேலேயே உட்கார்ந்திருப்பதால் இவளை யார் தூக்குவதென்று அவர்களுக்குள் பேச்சு வளர்ந்தது. அதற்குள் அவள் பேசத் தொடங்கினாள். அதுவரை கனவுமட்டுமே சொன்ன வாய் அது. கோத்தமாலையில் காய் வந்தால் அதற்கு நாங்களா பொறுப்பு, விலை ஏறிய வருசம் எங்களுக்குப் பங்கு கொடுத்தீர்களா, இறங்கினால்மட்டும் எங்கள் அடுப்பில் ஏன் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டாள். உச்சிவெயில் ஏறுமுன்னே எஸ்டேட்காரர்கள் இறங்கிவந்தார்கள். யாரையும் நிறுத்துவதில்லை, இருக்கிற வேலையை முறைவைத்து எல்லோருக்கும் தருவது என்று வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். பெண்கள் எழுந்து, சேலையில் ஒட்டிய தார்மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு ஜீப் ஏறினார்கள்.

தடைபட்டு நின்ற பஸ்களில் ஒன்றில் ஞானசெல்வி இருந்தாள். அல்லிநகரத்துப் பெண், படித்தவள். சென்னையில் தலைமை அலுவலகம் வைத்திருந்த ஒரு தொண்டு நிறுவனத்துக்காகத் தோட்டத்துப் பெண்களிடையே வேலைபார்த்து வந்தாள். பஸ்ஸைவிட்டு இறங்கி வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றவள், பத்துநாள் கழித்துப் பண்ணைப்புரத்துக்கு வந்தாள். பம்பாயில் ஒரு பெரிய மாநாடு நடக்கப்போகிறது, உலகச் சந்தையால் அடிபட்ட சனங்கள் எல்லா நாட்டிலிருந்தும் வருகிறார்கள், அக்கா வந்து பேசவேண்டும் என்றாள்.

சங்கிலியம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். கோத்தமாலையிலிருந்து ஆள் வருமா? ஞானசெல்வி விசாரித்துச் சொல்வதாகப் போனாள். வருகிறார்கள் என்று சேதி வந்தது. அப்படியானால் நானும் வருகிறேன், அவளை நேரில் நாலு கேள்வி கேட்கவேண்டும் என்றாள் சங்கிலியம்மாள். கருத்தக்கண்ணன் தடுக்கவில்லை. கடல் தட்டுப்பட்டால் பார்த்துவிட்டு வா என்று சொல்லி அனுப்பினார்.

மதுரையில் ஏறிய ரயில் அவளுக்கு ஒரு நீண்ட ஜீப்பாக இருந்தது. வழியெல்லாம் தூங்கினாள். விழிக்கும்போதெல்லாம் மண்ணின் நிறம் மாறியிருந்தது. செம்மண், கரிசல், பாறைக்காடு, பெயர் படிக்கமுடியாத ஸ்டேசன்கள். எது கனவு, எது சன்னலுக்கு வெளியே இருப்பது என்பது இரண்டாம் நாள் அவளுக்குக் குழம்பிப்போனது. தூக்கத்தில் அந்தக் கொழுத்த பெண்ணைக் கைநீட்டி வைதுகொண்டே போனாள்.

மாநாடு நடந்தது மூடிக்கிடந்த ஒரு பெரிய தொழிற்சாலையின் கொட்டகைகளில். புழுதி, மேளம், நூறு நிறத்துக் கொடிகள். இறகு சூடியவர்களும் நீள அங்கி போட்டவர்களும் கூட்டங்கூட்டமாக ஆடிக்கொண்டு போனார்கள். யாரோ ஒருவர் அவள் கழுத்தில் சிவப்புத் துண்டு போட்டார். வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி கட்டிப்பிடித்து அழுதாள். எதற்கென்று தெரியாமல் இவளும் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். தொண்டு நிறுவனத்தின் சென்னை அலுவலகத்திலிருந்து வந்திருந்த இனியன் என்பவர்தான் இவர்கள் குழுவுக்கு எல்லாம். முப்பது வயதிருக்கும், மெலிந்த முகம், கதர்ச்சட்டை. தனக்குக் கொடுத்த கட்டிலைச் சங்கிலியம்மாளுக்கு விட்டுவிட்டுத் தரையில் படுத்தார். அவளைத் தோழர் என்று கூப்பிட்டார். அந்த வார்த்தை அவளுக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் பிற்பகல் ஒரு வேப்பமரத்தடியில் ஞானசெல்வி கோத்தமாலைக்காரியைக் கூட்டிவந்தாள். பெயர் ஹுவானா. கொழுத்தவள் இல்லை. சங்கிலியம்மாளின் தோளுக்குக்கூட வரமாட்டாள்; கறுத்து ஒடுங்கிய தேகம், பூவேலை செய்த ரவிக்கை, இரட்டைச் சடை. இருவரும் எதிரெதிரே தரையில் உட்கார்ந்தார்கள். இருவருமே குத்தவைத்து உட்கார்ந்ததைப் பார்த்து ஞானசெல்விக்குச் சிரிப்பு வந்தது.

ஹுவானா பேசியது அவள் மலைப்பாசை. அதை ஒருவர் ஸ்பானியத்தில் சொல்ல, இன்னொருவர் இங்கிலீசில் சொல்ல, ஞானசெல்வி தமிழில் சொன்னாள். ஒரு கேள்வி போய் ஒரு பதில் வருவதற்குள் மரத்து நிழல் கொஞ்சம் நகர்ந்துவிடும். சங்கிலியம்மாள் கேட்க வைத்திருந்த கேள்விகள் ஒவ்வொன்றாக வாய்க்குள்ளேயே கரைந்தன. ஹுவானாவின் நகக்கண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏலக்காய்க் கறை ஏறிக் கறுத்து, ஓரங்கள் வெடித்த நகங்கள். தன் கையை அதன் பக்கத்தில் வைத்தாள். ஹுவானா இரண்டையும் மாறிமாறிப் பார்த்தாள்.

கடைசியில் சங்கிலியம்மாள் கேட்டது கோபமான கேள்வியே அல்ல.

“உங்க ஊர்ல ஏலக்காய என்ன பலகாரத்துல போடுவீக?”

கேள்வி மூன்று பாசையைத் தாண்டிப் போயிற்று. ஹுவானா முகத்தைச் சுளித்துத் தலையாட்டினாள். பதில் திரும்பி வந்தது.

“அவுக யாரும் திங்குறதில்லையாம்க்கா. சோப்பு மாதிரி வாசம் அடிக்குமாம். யாருக்காக வெளையவைக்கிறோம்னே தெரியாதாம். லாரி வரும், தூக்கிட்டுப் போகுமாம். போன வருசம் வெலை கெடைக்காம ரொம்பக் கஷ்டப்பட்டாகளாம்.”

“அங்கனயும் வெலை இல்லையா?”

“இல்லையாம்.”

சங்கிலியம்மாள் தன் நகங்களை மறுபடி பார்த்தாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தவிரத் தன் வீட்டிலும் ஏலக்காய் நுழைந்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு நினைப்பில் தட்டியது. கூட்டத்தின் மேளச்சத்தம் எங்கோ தண்ணீருக்கடியில் கேட்பதுபோலக் கேட்டது. இத்தனை மாதம் கனவில் வந்து சிரித்தவள் யார், இவள் யார் என்று அவளுக்குத் திகைப்பாக இருந்தது. யாரோ படமெடுக்க வந்தார்கள். இருவரையும் கையைக் கோத்து உயர்த்தச் சொன்னார்கள். உயர்த்தினார்கள்.

மேடை ஏறியது அதற்கடுத்த நாள். பெரிய கூடாரம். எல்லோர் காதிலும் ஒரு கருவி. பக்கத்தில் இவள் பேசுவதை இங்கிலீசில் சொல்ல ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இனியன் முன்கூட்டியே மெதுவாகச் சொல்லியிருந்தார்: மலையைப் பற்றி, குழந்தைகளைப் பற்றி, படும் பாட்டைப் பற்றிப் பேசினால் போதும், ஒரு நாட்டுப்பாட்டும் பாடினால் நன்றாக இருக்கும். சங்கிலியம்மாள் மைக்கைப் பிடித்துக்கொண்டு இப்படிப் பேசினாள்:

“எங்களக் கெடுத்தது கோத்தமாலைக்காரின்னு நெனச்சு வந்தேன். அவளப் பாத்துட்டேன். அவளும் என்னைய மாதிரி குத்தவச்சுத்தான் எடுக்குறா. அப்ப எங்க ரெண்டு பேரையும் கெடுத்தது ஆரு? ஊரு ஒலகத்துக்கெல்லாம் கதவத் தொறந்து விட்டவுக படிச்சவுக. தொறந்தது தப்புன்னு இங்கன பேசுறவுகளும் படிச்சவுகதான். தொறக்கும்போது எங்களக் கேக்கல. தப்புன்னு சொல்றப்பவும் என்ன செய்யலாம்னு எங்களக் கேக்கல. அழுகச் சொல்றீக, பாடச் சொல்றீக. நாங்க கூத்துக் காட்டவா இம்புட்டுத் தூரம் வந்தோம்?”

பக்கத்துப் பெண் பேசி முடித்ததும் கூடாரமே எழுந்து நின்று கைதட்டியது. வெள்ளைக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இனியன் ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். வைததற்கு இப்படிக் கைதட்டுகிறார்களே, பெரிய மனசுக்காரர்கள்தான் என்று நினைத்துக்கொண்டு இறங்கினாள் சங்கிலியம்மாள். அன்று சாயங்காலம் கடலையும் பார்த்தாள். மேகமலை உச்சியில் மேகம் கிடப்பதுபோல அது கிடந்தது. கருத்தக்கண்ணனுக்கென்று ஒரு சிப்பி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

திரும்புகிற ரயிலில் ஞானசெல்வி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். என்ன தாயி, உடம்புக்கு என்ன என்று கேட்கக் கேட்க, தலையைக் குனிந்துகொண்டு விசயத்தைச் சொன்னாள். அக்கா பேசியதை அந்தப் பெண் அப்படியே சொல்லவில்லை. மலைமகளிரின் வணக்கத்தைக் கொண்டுவந்திருக்கிறேன், நானும் ஹுவானாவும் ஒரே காட்டின் மகள்கள், உங்கள் போராட்டத்துக்கு எங்கள் நன்றி என்று சொல்லிவிட்டாள். கைதட்டியது அதற்குத்தான்.

சங்கிலியம்மாளுக்குக் கோபம் வரவில்லை. சன்னலுக்கு வெளியே காய்ந்த மானாவாரி நிலம் ஓடிக்கொண்டேயிருந்தது. நடுவில் ஒரு மனிதன் குடையோடு தனியாக நடந்துபோனான். அவன் மறையும்வரை பார்த்தாள்.

“அப்ப நான் அங்கன பேசவே இல்லன்னு சொல்லு” என்றாள்.

ஊர் திரும்பிய இரண்டு மாதத்தில் எலெக்சன் வந்தது. நாடு ஒளிர்வதாகப் பத்திரிகையிலெல்லாம் முழுப்பக்க விளம்பரம். அஸ்லம் ஜீப்பில் அதை உரக்கப் படிப்பான்; யார் வீட்டில் ஒளிர்கிறது என்று பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கேட்டுச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு போகப்போகக் கசந்தது. ஆட்சியில் இருக்கிறவர்களை இறக்கவேண்டும் என்பதைத் தவிர ஜீப்பில் வேறு பேச்சில்லை. இறக்கினார்கள். டெல்லியில் ஆள் மாறியது. ஏலக்காய் விலை அடுத்த வருசம் இன்னும் கீழே போனது. தோற்றவர்களும் ஜெயித்தவர்களும் டிவியில் அதே மாதிரிப் பேசினார்கள். பெண்கள் கட்சி பேசுவதை விட்டுவிட்டார்கள். வேலை இல்லாத நாள்களில் காலாற நடந்து வாய்க்கால் கரைக்குப் போய் உட்கார்ந்து, தண்ணீர் போவதைப் பார்த்துவிட்டு வருவார்கள்.

இரண்டாயிரத்து ஐந்தில் இனியன் வந்தார். தொண்டு நிறுவனத்துக்கு உதவிசெய்கிற வெளிநாட்டுக்காரர்கள் சிலரும், சென்னை, டெல்லிப் பெரிய மனிதர்கள் சிலரும் கூட வந்தார்கள். பண்ணைப்புரத்தில் பெண்களை வட்டமாக உட்காரவைத்து, பம்பாயில் எல்லோரையும் அழவைத்த சங்கிலியம்மாள் இவர்தான் என்று அறிமுகம் செய்தார். இங்கிலீசில் சொல்லவேண்டியது ஞானசெல்வி.

சங்கிலியம்மாள் அவளைப் பார்த்தாள். “தாயி, நான் சொல்றத அப்படியே சொல்லுவியா?”

“சொல்றேங்க்கா.”

பம்பாயில் பேசியதையே மறுபடி பேசினாள். இந்த முறை நிறுத்தி நிறுத்திப் பேசினாள். ஞானசெல்வி ஒவ்வொரு வாக்கியத்தையும் அப்படியே இங்கிலீசில் சொன்னாள். யாரும் கைதட்டவில்லை. ஒரு வெள்ளைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோழி ஒன்று வட்டத்தின் நடுவே நடந்துபோனது. இனியனின் முகம் வெளிறிவிட்டது. அவர் நடித்தவர் அல்ல. மனசாரத்தான் ஊர் ஊராக அலைந்தவர்.

“அக்கா, நாங்க உங்களுக்காகத்தானே இதெல்லாம் செய்றோம்” என்றார்.

“எங்களுக்காகன்னுதான் எல்லாரும் வாராக தம்பி. ஓட்டுக் கேட்டு வாராக, வெலை இல்லன்னு சொல்ல வாராக, படம் பிடிக்க வாராக. எங்ககூட ரோட்டுல வந்து குத்தவைக்கத்தான் ஆள் இல்ல.”

ஞானசெல்வி அதையும் அப்படியே இங்கிலீசில் சொன்னாள். இனியன் அன்றைக்கு மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. போகும்போது சங்கிலியம்மாளிடம் வந்து கும்பிட்டுவிட்டு ஏறிப்போனார். அடுத்த மாதம் ஞானசெல்விக்கு வேலை போயிற்று. காரணம் வேறு சொன்னார்கள். அவள் தேனியில் ஒரு டியூசன் சென்டரில் சேர்ந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை தோறும் பஸ் பிடித்து வந்தாள். ஜீப்புப் பெண்களைச் சேர்த்துச் சங்கம் வைக்கலாம் என்று பேச்செடுத்தவள் அவள்தான்.

மறுவருசம் உள்ளாட்சித் தேர்தலில் சங்கிலியம்மாளை வார்டுக்கு நிறுத்தினார்கள். சீப்புச் சின்னம். எந்தக் கட்சியும் கிடையாது. விடியுமுன்னே மலைக்குப் போய்ப் பொழுதடையத் திரும்புகிறவர்கள் எப்போது ஓட்டுக் கேட்பது? ஜீப்பிலிருந்தே கேட்டார்கள். அஸ்லம் தெருத்தெருவாக மெதுவாக ஓட்ட, பெண்கள் கொண்டையிலிருந்த சீப்பை உருவி வெளியே நீட்டி ஆட்டினார்கள். தோற்றுத்தான் போனாள். சாதிக்காரப் பெரியவர்கள் முன்னமே கூடி ஒருவரைப் பேசி முடித்திருந்தார்கள். ஓட்டெண்ணிய அன்று வீட்டுக்கு வந்தவளுக்குக் கருத்தக்கண்ணன் சுடுதண்ணீர் காயவைத்திருந்தார். அவள் குளித்துவிட்டு வந்து, தோற்றது பெரிதாகத் தெரியவில்லை, தெருவில் இத்தனை பேர் என் பேரைச் சொல்லிக் கேட்டதே இல்லை, அது காதுக்குள்ளேயே இருக்கிறது என்றாள்.

அந்தத் தோல்வி பக்கத்து ஊர்களுக்கெல்லாம் அவளைத் தெரியவைத்தது. கோம்பை ஜீப், தேவாரம் ஜீப், கூடலூர் ஜீப் என்று ஒவ்வொன்றிலிருந்தும் பெண்கள் சங்கத்துக்கு வந்தார்கள். கம்பத்தில் பழைய பேட்டைக்குப் பின்னால், அஸ்லமின் மாமி ஜெய்த்தூன் பீவி வீட்டு மாடியில் கூட்டம் நடந்தது. ஜெய்த்தூன் பீவி இளவயதில் ஏலக்காய்க் கடையில் தரம்பிரிக்கிற வேலை பார்த்தவர். வந்தவர்களுக்கெல்லாம் சலிக்காமல் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்பார். கூட்டத்தில் சண்டை வந்தால் அவர் தொண்டையைக் கனைப்பதோடு அடங்கும்.

இரண்டாயிரத்துப் பத்தில் எல்லாம் தலைகீழானது. ஏலக்காய் விலை யாரும் கண்டிராத உயரத்துக்குப் போயிற்று. போடிக்கும் கம்பத்துக்கும் இடையே புதுப்புதுக் கார்கள் பறந்தன. காய் எடுக்க ஆள் போதவில்லை. வரவேண்டாம் என்றவர்களே வீட்டுவாசலுக்கு ஜீப் அனுப்பினார்கள். தீபாவளிக்குச் சேலை தருவதாகச் சொன்னார்கள். ஆடி மழை பெய்து காய் முற்றிக்கொண்டிருந்த நேரத்தில், கம்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் தோட்ட முதலாளிகள் இந்தச் சங்கத்துப் பெண்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள்.

முதலாளிகள் பக்கம் பேசிய ராஜமணி சந்தோசமான மனிதர். கூலியைக் கூட்டித் தரத் தயார் என்றார். உங்கள் நல்ல காலம், குவாத்தமாலாவில் இந்த வருசம் விளைச்சல் அடியோடு போய்விட்டது, இனி நமக்கு ராஜயோகம்தான் என்றார். பெண்கள் கைதட்டினார்கள். சங்கிலியம்மாளுக்குக் கை எழும்பவில்லை. மண்டபத்து மின்விசிறிகள் சுழல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேப்பமரத்தடியில் கேட்ட அந்த மலைப்பாசை, அர்த்தம் தெரியாத அதன் ஏற்ற இறக்கம்மட்டும், அவளுக்குள் மெதுவாக ஓடியது. அந்தச் சிறிய பெண் இப்போது எந்த ரோட்டில் உட்கார்ந்திருக்கிறாளோ.

பிறகு எழுந்து மூன்று விசயம் கேட்டாள். ஜீப்பில் ஆடுமாடு போல அடைக்கக்கூடாது, பத்துப் பேருக்குமேல் ஏற்றக்கூடாது. வயதானவர்களுக்குக் காய் உலர்த்தித் தரம்பிரிக்கிற ஸ்டோரில் உட்கார்ந்து செய்கிற வேலை தரவேண்டும். விலை விழுந்தாலும் யாரையும் நிறுத்தாமல் முறைவைத்து வேலை தருவோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

ராஜமணி சிரித்தார். “வெலை ஏறிக் கெடக்கு. இப்பப் போயி விழுகுறதப் பத்தி எதுக்குத்தா பேசுற?”

“அங்கன திரும்பவும் மழை பேயும்ல சார். காய்க்கும். காய்க்கட்டும். அதுக்காக நாங்க பட்டினி கெடக்க முடியாது.”

முதல் இரண்டுக்கும் தலையாட்டினார்கள். மூன்றாவதைப் பார்க்கலாம் என்றார்கள். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், அதுவரை மலையேறவில்லை என்று சொல்லிவிட்டுப் பெண்கள் மண்டபத்தைவிட்டு வெளியே வந்தார்கள்.

மறுநாள் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு ஜீப்பும் மேலே போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. வேலைநாளின் காலை வெளிச்சத்தில் சொந்தத் தெருவைப் பார்த்தே பல வருசமான பெண்கள் அவர்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகளை வாசலில் நின்று பார்த்தார்கள். எதிர்வீட்டு முருங்கை எப்போது இவ்வளவு வளர்ந்தது என்று கேட்டுக்கொண்டார்கள். மேலே தோட்டங்களில் காய் முற்றி வெடிக்கத் தொடங்கிவிட்டதாகச் சேதி வந்தது. சிலருக்குப் பயமாக இருந்தது. கருத்தக்கண்ணன் யாரிடமோ கேட்டு வாங்கி வந்த இளநீரை எல்லோருக்கும் சீவிக் கொடுத்தார்.

நாலாம் நாள் முற்பகலில் சங்கிலியம்மாள் வாய்க்கால் படியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். பெரியாற்றுத் தண்ணீர் நுங்கும் நுரையுமாகக் கரைமுட்டப் போய்க்கொண்டிருந்தது. ஞானசெல்வியும் பெண்கள் சிலரும் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். அஸ்லம் ஜீப்பை மேட்டில் நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். மூச்சு வாங்கினான்.

“எக்கா, ஒத்துக்கிட்டாக. மூணுக்கும் சரின்னுட்டாக. கையெழுத்தும் போட்டாச்சு. இப்பவே ஏறி வரச் சொல்றாக, காயெல்லாம் வெடிச்சுப் போகுதாம்.”

ஞானசெல்வி எழுந்துவிட்டாள். பெண்கள் சேலையை உதறினார்கள். சங்கிலியம்மாள் பிழிந்த துணியைப் படியில் வைத்துவிட்டு, இரண்டு காலையும் முழங்கால் வரை தண்ணீருக்குள் விட்டுக்கொண்டாள். குளிர்ச்சி மேலேறியது.

“நாளைக்கு வாரோம்னு சொல்லு” என்றாள். “இன்னைக்கி இல்ல.”